பயணத்தில் உடன்வரும் அழையா விருந்தாளி

திருமகள் தாமரையிலும், சிவபெருமான் இமயத்திலும், திருமால் பாற்கடலிலும் பள்ளிகொள்வதற்குக் காரணம் மூட்டைப்பூச்சியிடம் கொண்ட அச்சமே என்று வடமொழிப் புலவர் ஒருவர் நகைச்சுவையாகப் பாடி வைத்தார். தேவர்களுக்கே அந்நிலை எனில், இரவுப் பேருந்திலும் வாடகை அறையிலும் கண்ணயரும் நம்மைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் வாடிக்கையாளர்களில் பலர் அடிக்கடி செல்லும் நகரங்களுள் ஒன்று பெங்களூரு. சென்னை, கோவை, மதுரை, நாகர்கோவில் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் இரவுப் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் அந்நகரை நோக்கிப் புறப்படுகின்றன. நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கச் செல்வோர், நிம்ஹான்ஸ், கித்வாய், ஜெயதேவா போன்ற மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்வோர் எனப் பயணத்தின் நோக்கங்கள் பலவாகும். இவர்களுள் பெரும்பாலோர் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலோ, மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் போன்ற பகுதிகளின் பி.ஜி. அறைகளிலோ தங்குகின்றனர். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் படுக்கையே மூட்டைப்பூச்சிக்கு உகந்த இருப்பிடம். விடுதியின் கட்டணம் உயர்ந்ததா குறைந்ததா என்பதை அது பார்ப்பதில்லை.

பூச்சியின் இயல்பு

முழு வளர்ச்சி பெற்ற மூட்டைப்பூச்சி ஆப்பிள் விதை அளவே இருக்கும். அதற்குப் பறக்கவோ தாவவோ இயலாது. ஊர்ந்து மட்டுமே செல்லும். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவும் உடல் வெப்பமும் அதற்கு வழிகாட்டுகின்றன. ஐந்து முதல் பத்து நிமிடங்களில் குருதியை உறிஞ்சிவிட்டு, மீண்டும் தன் இடுக்கிற்குத் திரும்பிவிடும். பெண் பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே, சில வாரங்கள் பூட்டிக் கிடந்த அறை என்பதனாலேயே அது பாதுகாப்பானது எனக் கருதலாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்தின் பயன்பாட்டால் இப்பூச்சிகள் உலகின் பல பகுதிகளில் பெரிதும் குறைந்தன. எனினும், மருந்தை எதிர்த்து வாழும் திறனை அவை விரைவிலேயே பெற்றுவிட்டன. 1990களின் இறுதியிலிருந்து உலகெங்கும் மீண்டும் பெருகத் தொடங்கின. 2023இல் பாரிஸ் நகரமே இப்பூச்சியால் கலங்கியதை நாளேடுகளில் கண்டோம். ஆதலால், இதனை ஏழ்மையின் அடையாளமாகவோ தூய்மைக் குறைவின் அடையாளமாகவோ கருதி வெட்கப்படத் தேவையில்லை. வெட்கத்தால் மறைப்பதே பூச்சிக்குப் பெருந்துணையாக அமைகிறது.

இப்பூச்சியின் கடியால் நோய் பரவுவதாக இதுவரை உறுதி செய்யப்படவில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆயினும், அரிப்பும் தடிப்பும் ஏற்படும். சொறிவதால் புண்ணாகிச் சீழ் பிடிக்கவும் கூடும். சிலருக்குக் கடித்த தடம் தெரிவதற்கே இரு வாரங்கள் வரை ஆகலாம். தடிப்பு மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரை அணுகுவதே முறை.

அறைக்குள் நுழைந்தவுடன்

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. அரசனின் மஞ்சத்தில் நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்த பேன் ஒன்று, விருந்தாக வந்த மூட்டைப்பூச்சிக்கு இடம் கொடுத்தது. அரசன் உறங்குமுன்பே பூச்சி அவசரப்பட்டுக் கடித்துவிட்டது. ஏவலர்கள் விளக்கேற்றித் தேடியபோது, பூச்சி கட்டிலின் இடுக்கில் ஒளிந்துகொண்டது. அகப்பட்டு மாண்டது பேனே. முன்பின் அறியாதவர்க்கு இடம் தரலாகாது என்பது கதையின் நீதி. பயணிக்கு அதில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: தேட வேண்டிய இடம் விரிப்பன்று, இடுக்கே.

விடுதி அறையைத் திறந்தவுடன் பெட்டியைக் கட்டிலின் மீது வைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். முதலில் பெட்டியைக் குளியலறையின் ஓட்டுத்தளத்தில் வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கின் துணையோடு பின்வருவனவற்றைப் பார்த்தல் நலம்.

• மெத்தையின் நான்கு மூலைகளிலும் உள்ள தையல் மடிப்புகள்
• கட்டிலின் தலைமாட்டுப் பலகையும் அதன் பின்புறமும்
• கட்டில் சட்டங்களின் இணைப்புகள், திருகாணித் துளைகள்
• தலையணை உறையின் ஓரங்கள், திரைச்சீலையின் மடிப்புகள்

மை தெளித்தாற்போன்ற கரும்புள்ளிகள், துருநிறக் கறைகள், உரித்த மெல்லிய தோல்கள், வெண்ணிறச் சிறு முட்டைகள் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அவ்வறையை ஏற்க வேண்டாம். மாற்று அறை கேட்கும்போது, அடுத்த அறையையோ நேர் மேலே அல்லது கீழே உள்ள அறையையோ தவிர்ப்பது நன்று. சுவர் இடுக்குகள் வழியே பூச்சிகள் இடம்பெயரக்கூடும்.

தங்கும் நாட்களில் அழுக்குத் துணிகளைத் தரையிலோ நாற்காலியிலோ விட்டுவைக்கலாகாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், துவைத்த துணிகளைக் காட்டிலும் உடுத்திய துணிகளில் இப்பூச்சிகள் ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாகக் கூடுவது தெரியவந்தது. வியர்வை மணமே காரணம். உடுத்திய ஆடைகளை வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் இட்டுப் பெட்டிக்குள் வைப்பது எளிய காப்பாகும்.

வீடு திரும்பியபின்

பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டு செல்லாமல் மாடியிலோ வாசல் திண்ணையிலோ திறக்க வேண்டும். துணிகளைச் சுடுநீரில் துவைத்து, இயலுமாயின் உலர்த்தும் இயந்திரத்தில் மிகு வெப்பத்தில் அரைமணி நேரம் இடலாம். 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் சீராகப் பரவினால் பூச்சியும் முட்டையும் அழியும். நம் முன்னோர் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றியதன் பொருள் இதுவே. ஆனால் தடித்த மெத்தையை வெயிலில் போடுவது மட்டும் போதாது. வெப்பம் உட்புறம் வரை செல்வதில்லை. சூடு தாங்காத சிறு பொருள்களைப் பையிலிட்டு, –18 டிகிரிக் குளிரில் நான்கு நாட்கள் வைக்கலாம்.

மருந்தும் ஆபத்தே

இங்கு ஒரு துயர நிகழ்வை நினைவுகூர்வது அவசியம். 2022 ஆகஸ்டில் பெங்களூரு வசந்தநகரில் ஒரு வாடகை வீட்டில் பூச்சிகளை ஒழிப்பதற்காக மருந்து தெளிக்கப்பட்டிருந்தது. சொந்த ஊர் சென்று திரும்பிய குடும்பம் அவ்வீட்டினுள் சென்று ஓய்வெடுத்தது. சிறிது நேரத்தில் அனைவருக்கும் உடல்நலம் குன்றியது. எட்டு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். பூச்சியின் கடியால் இறப்பு நேர்வது மிக அரிது. அதனை ஒழிக்க இடும் நஞ்சு ஓர் உயிரைப் பறித்துவிட்டது.

எனவே, அறையில் மருந்து நெடி வீசினால் அங்கே ஒரு நிமிடமும் தங்க வேண்டாம். வீட்டில் மருந்தடிக்க நேர்ந்தால் உரிமம் பெற்ற நிறுவனத்தையே அமர்த்தி, என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் பெறுவது நலம். திரும்பியதும் கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்திய பின்னரே குழந்தைகளை உள்ளே அனுமதிக்க வேண்டும். வயல்களுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் உரிய மருந்துகளை உறங்கும் அறையில் ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

நுகர்வோரின் உரிமை

கட்டணம் செலுத்திய பயணிக்குத் தூய படுக்கை சலுகையன்று, உரிமை. 2022இல் மங்களூரிலிருந்து பெங்களூருக்குத் தனியார் பேருந்தில் வந்த பெண்மணி ஒருவர் மூட்டைப்பூச்சிக் கடியால் அவதியுற்று நுகர்வோர் ஆணையத்தை நாடினார். இழப்பீடு, அபராதம், பயணச்சீட்டுத் தொகை, வழக்குச் செலவு ஆகியன சேர்த்து ஏறத்தாழ 1.29 லட்சம் ரூபாய் அவருக்கு வழங்குமாறு தட்சிண கன்னட மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஆணையிட்டது. 850 ரூபாய்ப் பயணச்சீட்டில் தொடங்கிய வழக்கு அது.

இத்தகைய முறையீட்டுக்கு ஆதாரமே உயிர்நாடி. பூச்சியையும் கறையையும் கடித்தடத்தையும் உடனே படமெடுத்தல், நடத்துநரிடமோ விடுதி மேலாளரிடமோ எழுத்தில் தெரிவித்தல், மருத்துவச் சீட்டைப் பாதுகாத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீதைத் தொலைத்தோர் பணம் செலுத்தியதை மெய்ப்பிக்க இடர்ப்படுவர். யு.பி.ஐ. வாயிலாகவோ அட்டை வாயிலாகவோ செலுத்தியிருந்தால், நம் வங்கிக் கணக்கு அறிக்கையே சான்றாக நிற்கும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பெங்களூரில் நேர்ந்த குறைக்கு, நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு அளிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுக்கட்டணமும் இல்லை. முதற்படியாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தொடர்வண்டிப் பெட்டியில் பூச்சித் தொல்லை இருப்பின், பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் குறிப்பிட்டு 139 என்ற எண்ணில் பயணத்தின்போதே புகார் அளிக்கலாம்.

பயணத்திற்குமுன் சீட்டு, அடையாள அட்டை, பணம் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். சென்று சேர்ந்த இடத்தில் மெத்தையின் மூலையைப் புரட்டிப் பார்க்கும் இரண்டு நிமிடங்களையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். மாதக்கணக்கில் நீளக்கூடிய தொல்லையையும் அதனை ஒழிப்பதற்கு ஆகும் செலவையும் அந்த இரண்டு நிமிடங்கள் தவிர்க்கும்.