டிஸ்க்கிலும் ஒரு கண்மாய்!

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஆபீஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்து வருஷக் கணக்கு, நான்கு டிஸ்க், மேலே இசட்.எஃப்.எஸ். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் தொடங்கிய ஃபைல் சிஸ்டம் இது. அதற்கு முன்பெல்லாம் டிஸ்க்கைப் பாத்தி கட்டிப் பிரிப்பார்கள். ஒன்று வழியும், பக்கத்துப் பாத்தி காயும். இதில் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து ஒரே 'பூல்'. நம்மூர்க் கண்மாய் மாதிரி!

"ஒரு டிஸ்க் செத்தாலும் கணக்கு பிழைக்கும்னியே தம்பி, அப்புறம் எதுக்கு மாசாமாசம் சோதனை?" என்றார் முதலாளி.

செத்தால் தெரிந்துவிடும், அண்ணாச்சி. சாகாமலே தப்பைப் படித்துக் காட்டினால்? அதற்குத்தான் ஒவ்வொரு பிளாக்குக்கும் 'செக்சம்'. 'ஸ்க்ரப்' கட்டளை கொடுத்தால், எழுதியிருப்பதை எல்லாம் படித்து ஒத்துப்பார்த்து, கெட்டதை மற்ற டிஸ்க்குகளை வைத்துத் திருத்தும்.

போன மாசம் ஒரு டிஸ்க்கில் 14 செக்சம் பிழை. ஆனால் அது பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது! கேபிளை மாற்றினேன், அப்போதும் பிழை ஏறியது. புது டிஸ்க் போட்டேன். 'ரீசில்வர்' முடிய ஒரு ராத்திரி. அதற்குள் இன்னொரு டிஸ்க் மண்டையைப் போட்டால் பூலே காலி!

முதலாளி வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டிக்கொண்டார். நான் முந்தின நாள் தேனி ஆபீஸுக்கு அனுப்பிய பேக்கப் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.