வாசல்படி உட்கார்ந்து போச்சா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சு: "வாசலில் போட்ட கான்கிரீட் தளம் இறங்கிப் போச்சு, படி சுவரை விட்டு விலகிப் போச்சு." மூட்டை சுமந்து வருகிறவருக்கும் வயசானவங்களுக்கும் இரண்டு அங்குலப் பள்ளமே காலை வாரிவிடும். தளம் சுவர்ப் பக்கம் சாய்ந்துவிட்டால் மழைத் தண்ணீர் நேராகக் கடைக்காலுக்குப் போகும்.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு மேலே சிமெண்ட் பூசி மட்டம் பண்ணுகிறோம். அடுத்த மழைக்குப் பழைய கதைதான். ஏனென்றால் இறங்கினது கான்கிரீட் இல்லை, அடியில் இருக்கிற மண். பூச்சு ஏற ஏற பாரம்தான் கூடும்.

மண் ஏன் இறங்குது? திண்டுக்கல் சமவெளியில் செம்மண் அதிகம். இடையிடையே கரிசலும் உண்டு. செம்மண் வீட்டில் பெரும்பாலும் நிரப்பு மண்தான் காரணம். வானம் தோண்டிய மண்ணைத் திமிசு போடாமல் தள்ளியிருப்பார்கள். கூரைத் தண்ணீர் இறங்கியதும் அமுங்கிவிடும். கரிசலோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்.

ஆகையால் முதல் வேலை தண்ணீரைத் திருப்புவது. கூரைத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் தளத்தின் ஓரத்தில் தேங்காமல் வாய்க்கால் எடுத்து விடுங்க. பிறகு வெடிப்பின் குறுக்கே சிமெண்டை மெல்லிசாக அப்பித் தேதி எழுதி வையுங்க. ஒரு மாதத்தில் அது விரிந்தால், தளம் இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

வெடிக்காத சின்னப் படியாக இருந்தால் உடைக்க வேண்டாம். கடப்பாரையால் நெம்பி, கல் முட்டுக் கொடுத்து, அடியில் ஈரமான கல்தூளைக் கெட்டியாகத் திணித்து உட்கார வைக்கலாம். தூக்கி நிற்கும்போது அடியில் கை விடக் கூடாது.

துண்டு துண்டாக வெடித்த தளத்தைப் பெயர்த்துவிடுவதே நல்லது. இளகின மண்ணை அள்ளிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போடணும். கரிசலாக இருந்தால் இரண்டடி ஆழத்துக்காவது மண்ணை மாற்றுங்க. அதன் மேல் 1:2:4 கலவையில் நாலு அங்குலக் கான்கிரீட். சுவரை ஒட்டி அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் கலந்த மணலால் அடைத்துவிட்டால், தளம் அசைந்தாலும் சுவரை இழுக்காது. நாலடிக்கு ஓர் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் வேணும். பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு நனையுங்க.

ஒரு எச்சரிக்கை. போர்டிகோ தூண் அந்தத் தளத்தின் மேல் நின்றாலோ, வீட்டுச் சுவரிலும் வெடிப்பு ஓடினாலோ, நீங்களாகக் கடப்பாரையைத் தூக்காதீங்க. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. கரிசல் மண்ணில் நிற்கும் கட்டடங்களுக்கென்றே, அடி அகன்ற குழித்தூண் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்திருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் அதைப் பற்றியும் அவரிடம் விசாரிக்கலாம்.

தை, மாசியில் மண் சொதசொதப்பும் இல்லாமல், பிளந்தும் போகாமல் இருக்கும். வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்க.