ஒரு சக்கரம் சுற்றும், மறு சக்கரம் வேடிக்கை பார்க்கும்: தெரியுமா?

உங்கள் கார் ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் ஒன்பதரை மீற்றர் கூடுதலாக ஓடுகிறது, தெரியுமா? இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீற்றர் அகலம் என்றால் கணக்கு அப்படித்தான். வட்டம் சின்னதோ பெரியதோ, அதே ஒன்பதரை! இந்த வழக்கைத் தீர்த்துவைப்பது, பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்கும் டிஃபரன்ஷியல்.

அது எப்போது காலை வாரும் என்பதைத் தலைமன்னார்க் கடற்கரையில் படித்தேன். பழைய பின்சக்கர இழுவைக் கார். இடப்பக்க டயர் மணலை வாரி இறைத்து அச்சுவரை புதைந்துவிட்டது. வலப்பக்க டயரோ அசையவேயில்லை; அதில் ஒட்டியிருந்த காய்ந்த பாசிகூட உதிரவில்லை! கரைவலைக்காரர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். “அக்சிலேற்றரை மிதிக்காதேங்கோ தம்பி. மிதிக்க மிதிக்க அது கிணறுதான் வெட்டும்.”

ஏன் அப்படி? சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவே. எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தென்ன!

அதே தலைமன்னாருக்கு டிஃபரன்ஷியலே இல்லாமல் ஒரு வண்டி வருகிறது, தெரியுமா? ரயில்தான்! 1914இல் வந்து, போரில் நின்று, 2015இல் மீண்ட பாதை அது. ரயிலின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியவை. ஆனால் சக்கர விளிம்பு லேசான கூம்பு. வளைவில் வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியில் ஏறி உருளும், உட்சக்கரம் ஒடுங்கிய பகுதியில். பல்சக்கரம் ஒன்றுகூட இல்லாமல் கணக்கு நேர்!

சரி, பந்தயக்காருக்கு வருவோம். 1930களில் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் காரில் 160 கிலோமீற்றர் வேகத்திலும் ஒரு பின்சக்கரம் வீணாகச் சுற்றியதாம். அதற்காக 1935இல் இசட்எஃப் நிறுவனம் செய்து கொடுத்ததுதான், வழுக்கலுக்குக் கடிவாளம் போடும் எல்எஸ்டி.

இன்று வாங்கப் போனால் தலை சுற்றும். தட்டு வகையில் கிளச்சுத் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். ‘ஒன்-வே’ வேகமெடுக்கும்போது மட்டும் பிடிக்கும், ‘டூ-வே’ காலை எடுத்தாலும் பிடிக்கும், ‘ஒன்றரை’ இடையில். ட்ரிஃப்ட் பைத்தியங்களுக்கு டூ-வே. ஆனால் தட்டு தேயும், அதற்கென்ற ஒயில் ஊற்ற வேண்டும், கார் நிறுத்துமிடத்தில் திருப்பும்போது கடகடவென்று ஊரைக் கூட்டும். முன்சக்கர இழுவைக் காரில் அது ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அங்கே என் ஓட்டு, திருகுபல் கொண்ட ஹெலிக்கல் வகைக்கே. 1995இல் ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆரில் வைத்ததும் அதுதான். சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகையைப் பந்தயத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அது சூடேறிப் பிடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும்.

ஹெலிக்கலுக்கும் அதன் உறவுக்கார டோர்சனுக்கும் ஒரு வினோதக் குறை உண்டு. வழுக்கும் சக்கரம் தாங்குவதைப்போல், உதாரணத்துக்கு, மூன்று மடங்கை மறு சக்கரத்துக்கு அனுப்பும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? சுழியத்தின் மூன்று மடங்கும் சுழியமே! மருந்து என்ன தெரியுமா? பிரேக்கை லேசாக மிதிப்பது! தொங்கும் சக்கரத்துக்குத் தாங்க ஏதோ கிடைக்கிறது, அது மூன்றாகப் பெருகி மறுபக்கம் போகிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் இந்த வித்தை பலிக்காது. பிரேக் இருபுறமும் சமமாகத் தின்றுவிடும். நானும் மணலில் மிதித்துப் பார்த்து அசடு வழிந்தேன்.

கடைசியில் உழவு இயந்திரம் வந்தது. அதன் காலடியில் ஒரு சின்ன மிதி இருக்கிறது. அதை அழுத்தினால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொண்டு இரு பெரிய சக்கரங்களும் ஒன்றாகிவிடும். ஓட்டியவர் அழுத்தினார், கயிறு விறைத்தது, என் கார் கிணற்றிலிருந்து எழுந்தது.

கயிற்றைக் கழற்றியபடி கரைவலைக்காரர் கேட்டார்: “டயரில காத்து எவ்வளவு?”

“32.”

அவர் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து வால்வில் வைத்து அழுத்தினார். உஸ்ஸென்று பாதிக் காற்று போனது. டயர் அப்பம்போலப் பரந்தது. எல்எஸ்டி இல்லாத அந்தக் கார், தார் ரோடுவரை தானாகவே ஓடிவந்தது.