கறவை யந்திரத்தின் வேக்குவம் பம்பு: பத்திரமாக இயக்கும் முறையும் பராமரிப்பும்

பெரும் பண்ணைகளில் மட்டுமே காணப்பட்டுவந்த பால் கறவை யந்திரம், இன்று பத்து மாடு வைத்திருக்கும் உழவரின் தொழுவத்துக்கும் வந்துவிட்டது. கறவைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதே இதற்கு முதற்காரணம். கடன் பெற்று இதனை வாங்கிய அங்கத்தினர்கள் பலர். தறியோடு இரண்டு பசுக்களையும் வைத்துக் குடும்பம் நடத்தும் நெசவாளர் சிலரும் அண்டை வீட்டாருடன் சேர்ந்து வாங்கியிருக்கின்றனர்.

இந்த யந்திரத்தில் வாளி, ரப்பர்க் குழாய், காம்புக் குவளை முதலியவை எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அதன் உயிர்நாடியோ மூலையில் இரைந்துகொண்டு நிற்கும் வேக்குவம் பம்பாகும். அது கெட்டால் முதலில் மடி கெடும். பிறகு பால் கெடும். முடிவில் கடன் தவணை தவறும். ஆகவே அதன் இயல்பை அறிந்து, அபாயமின்றி இயக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றின் பலம்

கிணற்றடியில் மோட்டார் வைத்திருக்கும் உழவர் ஒரு செய்தியை அனுபவத்தில் அறிவார். நீர்மட்டத்திலிருந்து 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் பம்பை உயர்த்தி வைத்தால் தண்ணீர் ஏறுவதில்லை. எவ்வளவு பெரிய மோட்டாரைப் பூட்டினாலும் ஏறுவதில்லை. குழாயினுள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதோடு பம்பின் உறிஞ்சும் வேலை முடிந்துவிடுகிறது. தண்ணீரை மேலே தள்ளுவது கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றே. அக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. அது தாங்கக்கூடியது 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசம், அல்லது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீர். உராய்வும் கசிவும் போக 6, 7 மீட்டரே நமக்குப் பயன்படுகிறது.

ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்தவரான ஆட்டோ வான் கெரிக் என்பார் 1650ஆம் ஆண்டளவில் காற்றை வெளியேற்றும் பம்பைச் செய்தார். இரண்டு அரைக்கோளச் செப்புக் கிண்ணங்களை வாய் பொருத்தி, உள்ளிருந்த காற்றை எடுத்துவிட்டு, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின. பிறகு காற்றை உள்ளே விட்டதும் கிண்ணங்கள் எளிதாகப் பிரிந்தன.

இக்கதை நம் தொழுவத்துக்கும் பொருந்தும். கறவை வாளியின் மூடி 20 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளதென்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 314 சதுர சென்டிமீட்டர். வாளிக்குள் காற்றழுத்தம் பாதியாகக் குறைந்தால், மூடியின்மீது 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரம், அதாவது மூன்று அரிசி மூட்டைகளின் எடை, அழுத்திக்கொண்டிருக்கும். எனவே விரிசல் விட்ட மூடியையும், ஒடுக்கு விழுந்த வாளியையும், இதற்கென்று செய்யப்படாத கண்ணாடிப் பாத்திரத்தையும் யந்திரத்தில் பூட்டலாகாது. பாத்திரம் உள்நோக்கி நொறுங்கினால் சில்லுகள் கண்ணையும் கையையும் பதம் பார்த்துவிடும். காற்றை உள்ளே விடாமல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறப்பதும் தவறு.

பம்பின் உள்ளமைப்பு

கறவை யந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது தகட்டுப் பம்பு ஆகும். உருளை வடிவான கூட்டினுள், மையத்திலிருந்து சற்று விலகி ஓர் உருளை சுழலும். அதில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களில் தகடுகள் தளர்வாக அமர்ந்திருக்கும். உருளை சுழலும் வேகத்தில் தகடுகள் வெளியே தள்ளப்பட்டுக் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே செல்லும். ஒரு பக்கம் இடைவெளி அகலும்போது குழாயிலிருந்து காற்று உள்ளே வரும். மறுபக்கம் இடைவெளி குறுகும்போது அக்காற்று வெளியேற்றப்படும்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். அது தேய்மானத்தைக் குறைக்கிறது, சூட்டைத் தணிக்கிறது, காற்று பின்னோக்கிக் கசியாதபடி அடைக்கிறது. எண்ணெயின்றி ஓடினால் தகடுகள் தேய்ந்து, சூடேறி, பம்பு இறுகி நின்றுவிடும். எண்ணெய் தேவைப்படாத கிராபைட் தகடுள்ள பம்புகளும் உண்டு. அவற்றில் எண்ணெய் ஊற்றினால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தம்முடைய பம்பு எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கைப்புத்தகம் பார்த்து அறிந்துகொள்வது உரிமையாளரின் முதற்கடமையாகும்.

இப்பம்பு காற்றுக்காகச் செய்யப்பட்டது. பாலோ, கழுவுநீரோ உள்ளே போனால் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுவிடும். நீர் காற்றைப்போல் நசுங்காதாகையால் தகடுகளும் முறியக்கூடும். இதைத் தடுக்கவே பம்புக்கும் கறவைக் குழாய்க்கும் நடுவே ஓர் இடைத்தொட்டி வைக்கப்படுகிறது. அதில் தேங்குவதை ஒவ்வொரு கறவைக்குப் பிறகும் வடித்துவிட வேண்டும். தப்பித்தவறிப் பால் உள்ளே போய்விட்டால் உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைப்பதே நலம். சூடான பம்பில் மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றை ஊற்றி ஓட்டுவது தீயை வருந்தி அழைப்பதாகும்.

மானியும் மடியும்

கறவைக்கு முழு வெற்றிடம் தேவையில்லை. பெரும்பாலான யந்திரங்கள் 300 முதல் 380 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள், அதாவது 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள், இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. இதற்குள் சரியான அளவு எது என்பது கைப்புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அளவு குறைந்தால் குவளைகள் நழுவி விழும், கறவை நீளும். அளவு கூடினால் காம்பின் நுனித் துவாரம் தடித்து வெடிக்கும். அவ்வழியே கிருமிகள் புகுந்து மடிநோய் காணும். "பால் சீக்கிரம் வரட்டும்" என்று ரெகுலேட்டரைத் திருகி அளவைக் கூட்டுவோர், பசுவின் ஒரு காம்பைப் பணயம் வைக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

இடைவிடாமல் ஒரே அளவில் உறிஞ்சினால் காம்பில் இரத்தம் கட்டிக்கொள்ளும். ஆகவேதான் பல்சேட்டர் என்னும் துடிப்பு உறுப்பு அமைந்தது. 1895ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் என்பார் செய்த யந்திரத்தில் இத்தகைய துடிப்பு முறை கையாளப்பட்டது. காம்பைச் சுற்றியுள்ள ரப்பர் உறை நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தடவை விரிந்து சுருங்குகிறது. விரியும்போது பால் வருகிறது, சுருங்கும்போது காம்பு ஓய்வு பெறுகிறது. கன்று ஊட்டுவதும் இவ்வாறே அன்றோ? துடிப்பு தாளம் தப்பினால் அதனைச் சீர்செய்யும் வரை கையால் கறப்பதே மேல்.

மடிநோய் கண்ட பாலில் கொழுப்பல்லாத திடப்பொருள் குறையும். கொழுப்பையும் அதனையும் அளந்தே சங்கம் விலை தருகிறதாகையால், நோயின் நஷ்டம் மருந்துச் செலவோடு நிற்பதில்லை. குவளை மாட்டுமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதற்பாலைச் சில பீச்சு, ஒரு கிண்ணத்தின் வாயில் கட்டிய கறுப்புத் துணியின்மீது பீச்சிப் பார்த்தல் நன்று. திரிதிரியாகத் தெரிந்தால் அப்பசுவைக் கடைசியில் தனியே கையால் கறந்து, பாலை விலக்கி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மடியைத் துடைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் குவளைகளை மாட்டிவிட வேண்டும். பால் ஓட்டம் நின்றதும், முதலில் வெற்றிடத்தை அடைத்து, பிறகே குவளைகளைக் கழற்ற வேண்டும். உறிஞ்சிக்கொண்டிருக்கும் குவளையைப் பிடுங்குவது காம்பைப் புண்படுத்தும். பசுவும் அடுத்த நாள் யந்திரத்தைக் கண்டதும் உதைக்கத் தொடங்கும்.

உயிருக்கு ஏற்படும் அபாயங்கள்

முதலாவது, பெல்ட். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பெல்ட்டின் மேல் இரும்புக் கூண்டு இருந்தே தீர வேண்டும். அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறதென்று கூண்டைச் சுவரில் சாய்த்துவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சேலை முந்தானை, தோளில் கிடக்கும் துண்டு, பின்னல், வேட்டி நுனி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெல்ட்டில் சிக்கினால் கையை எடுக்க நேரமிராது. பெல்ட்டைத் தொடும் எந்த வேலைக்கும் மெயின் ஸ்விச்சை அணைத்து, பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். தொழுவத்தின் தரை எப்பொழுதும் ஈரம்; கறப்பவரோ பெரும்பாலும் வெறுங்காலர். மோட்டாரின் உடலுக்கு எர்த் கம்பி முறையாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அத்துடன் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் பொருத்தினால் உயிருக்குப் பாதுகாப்பு. அக்கருவியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். மனிதன் உணராத சிறு கசிவையும் நான்கு காலும் ஈரத்தில் ஊன்றி நிற்கும் பசு உணர்ந்துவிடும். காரணமின்றிப் பசுக்கள் கறவையிடத்துக்கு வர மறுத்தால் மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பது அவசியம். மோட்டாரின்மேல் தண்ணீரை அடித்துக் கழுவவே கூடாது.

மூன்றாவது, மின்தடை. மின்சாரம் நின்றவுடன் குவளைகளைக் கையில் தாங்கிக் கழற்றிவிட்டு, உடனே ஸ்விச்சை அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்டால், மின்சாரம் திரும்பும் கணத்தில் யாரும் எதிர்பாராமல் பம்பு சுழலத் தொடங்கும்.

நான்காவது, சுழலும் திசை. மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார், இணைப்புக் கம்பிகள் இடம் மாறினால் எதிர்த்திசையில் சுழலும். பம்பு காற்றை வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே தள்ளும். மின்வேலை எது நடந்தாலும், பிறகு பம்பின்மேல் வரைந்துள்ள அம்புக்குறியோடு திசையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, புகையும் மருந்தும். பம்பு வெளிவிடும் காற்றில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கும். அதைப் பாலுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி குழாய்மூலம் வெளியே விட வேண்டும். குழாய் குறுகலாகவோ அடைபட்டோ இருத்தலாகாது. யந்திரம் கழுவும் குளோரின் மருந்தையும் அமில மருந்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சுவாயு எழும். இரண்டையும் வெவ்வேறு வேளையில், இடையே நன்னீரால் அலசியே பயன்படுத்த வேண்டும்.

உறிஞ்சும் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பலம் பார்ப்பதும், சிறுவர்கள் வேடிக்கையாகக் காதிலோ கன்னத்திலோ வைப்பதும் கடுமையாகத் தடுக்கப்பட வேண்டியவை.

பராமரிப்பு முறை

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளியின் கண் உடனே காணும். வெற்றிடக் குழாயில் துளை விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது; மானிதான் சொல்ல வேண்டும். ஆகவே சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்வது நன்று.

நாள்தோறும்: ஓட்டுமுன் மானியின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். பம்பு ஓடும்போது ரெகுலேட்டர் மெல்லச் சீறும் ஒலி கேட்க வேண்டும். பம்புக்குக் கையிருப்பு பலம் உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு குவளையைத் திறந்து காற்றை விட்டால் முள் இறங்கும். மூடியதும் சில விநாடிகளில் பழைய நிலைக்கு ஏறிவிட வேண்டும். தாமதித்தால் கசிவோ, தேய்மானமோ இருக்கிறதென்று பொருள்.

வாரந்தோறும்: பம்பை நிறுத்தி, பெல்ட்டின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். 1 அல்லது 1½ சென்டிமீட்டர் அமுங்கினால் போதும். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் பேரிங் கெடும். ரெகுலேட்டரின் வடிகட்டியிலுள்ள தூசியைத் துடைக்க வேண்டும். அது அடைபட்டாலோ ஒட்டிக்கொண்டாலோ வெற்றிடம் அளவு மீறி மடியைத் தாக்கும்.

காலந்தோறும்: காம்பு உறைகளை மாற்ற வேண்டும். ரப்பர் உறை பொதுவாக 2500 கறவை வரை அல்லது ஆறு மாதம் வரை, இவற்றுள் எது முன்னதோ அதுவரை, உழைக்கும். ஒரே ஜோடணையால் பத்துப் பசுக்களை இருவேளை கறப்பவருக்கு நாளொன்றுக்கு 20 கறவை. 2500ஐ 20ஆல் வகுத்தால் 125 நாள். அதாவது நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

ஒரு குறிப்பேடு வேண்டும்

சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும்போது அடியேன் கண்டது ஒன்றுண்டு. யந்திரத்தின் விலையும், ஆண்டுதோறும் கழிக்கும் தேய்மானமும் பேரேட்டில் பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். எண்ணெய் வாங்கிய ரசீதைக் கேட்டால் காரியதரிசி தேடுவார். ரப்பர் உறை வாங்கிய ரசீதைக் கேட்டால் மௌனமாவார். கணக்கில் தேய்மானம் பத்தாண்டுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். தொழுவத்திலோ பம்பு இரண்டாம் ஆண்டிலேயே இறுகிப்போயிருக்கும். பேரேடு காட்டும் சொத்து உண்மையில் பழைய இரும்பாக நிற்பது சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் நஷ்டமே.

ஆகையால் பம்பின் அருகே ஆணியில் ஒரு நோட்டுப்புத்தகம் தொங்கட்டும். தேதி, மானியின் அளவு, எண்ணெய் ஊற்றிய விவரம், உறை மாற்றிய நாள் ஆகிய நான்கு பத்திகள் போதும். ஒரே ஊரில் ஏழெட்டு யந்திரங்கள் இருந்தால், உறைகளையும் எண்ணெயையும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கலாம். அங்கத்தினர் வீட்டு இளைஞர் ஒருவரைப் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு அனுப்பலாம். யந்திரம் தனித்தனியே இருந்தாலும் பராமரிப்பு கூட்டாக நடக்க முடியும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.