பழுப்புதான் முதலில் போகும்

பழைய குவில்ட் ஒன்று விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது ஓட்டையை. 1850ஐ ஒட்டி அமெரிக்காவில் தைத்த போர்வை ஒன்றை மேசைமேல் விரித்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியின் மேல் சிவப்பு ரோஜாக்கள், பச்சை இலைகள், இடையிடையே சின்னச் சின்னப் பூப்போட்ட அச்சுத்துணித் துண்டுகள். அந்தத் துண்டுகளைக் கண்ணருகே கொண்டுபோனால் ஒரு விசித்திரம் தெரியும். பூ இருக்கிறது, இதழ் இருக்கிறது. பூவைச் சுற்றி ஓடிய பழுப்புக் கோடு மட்டும் இல்லை. கோடு மங்கிவிடவில்லை. கோடு இருந்த இடத்தில் துணியே இல்லை. அதன் வளைவும் நெளிவும் அப்படியே ஓட்டையாகி, உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கிறது.

எந்தப் பூச்சியும் இவ்வளவு ஒழுங்காக அரிக்காது. துணிக்கு நிறம் கொடுத்த பொருளே அதைத் தின்றிருக்கிறது.

குவில்ட் மூன்று அடுக்குப் போர்வை. மேலே, பல துண்டுகளை இணைத்தோ வெட்டிய வடிவங்களைப் பதித்துத் தைத்தோ உருவாக்கிய துணி; நடுவில் பஞ்சு; அடியில் சாதாரணத் துணி. மூன்றும் நகராதபடி போர்வை முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டுத்தையல். குளிர்நாட்டு வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைத் தைத்தார்கள். போர்த்திக்கொள்ளத் தைத்ததால் பெரும்பாலோர் பெயரும் போடவில்லை, ஆண்டும் போடவில்லை. அந்தக் கேள்விகள் பின்னால் வந்தவை. 1971ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம், ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குவில்ட்களை நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டது. பிறகு சேகரிப்பாளர்களின் கூட்டமும் விலையும் ஏறின. 1991ல் சாத்பீஸ் ஏலத்தில் ஒரு குவில்ட் 2,64,000 டாலருக்குப் போனது. புரூக்ளினில் லுசிண்டா வார்ட் ஹான்ஸ்டைன் தைத்த அந்தப் போர்வையில் 1867 நவம்பர் 18 என்ற தேதி இருக்கிறது; இன்று அது நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் உள்ள சர்வதேச குவில்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படித் தேதி சொல்லும் போர்வைகள் குறைவு. மற்றவற்றின் வயதைத் துணியிடம்தான் கேட்க வேண்டும். துணி சொல்கிறது. எத்தனை நிறங்கள் இருக்கின்றனவோ அத்தனை கடிகாரங்கள் அதற்குள் ஓடுகின்றன.

முதலில் அந்தப் பழுப்பு. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. சாயங்கள் பெரும்பாலும் அதில் தாமாக ஒட்டுவதில்லை. சாயத்தையும் இழையையும் பிடித்துக் கட்ட ஓர் உலோக உப்பு வேண்டும். அதுதான் நிறமூன்றி. படிக்காரம் ஒரு நிறமூன்றி. இரும்பு உப்பு இன்னொன்று. இதில் இருக்கும் அதிசயம் என்னவென்றால், சாயம் ஒன்றேயானாலும் நிறமூன்றி மாறினால் நிறம் மாறிவிடும். மேடர் என்பது நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவான ஐரோப்பியச் செடி. துணியில் ஓரிடத்தில் படிக்காரம், ஓரிடத்தில் இரும்பு, ஓரிடத்தில் இரண்டும் கலந்தது என்று அச்சடித்துவிட்டு, மேடர் வேர் கொதிக்கும் ஒரே அண்டாவில் போட்டால் சிவப்பு, ஊதா, பழுப்பு, கறுப்பு எல்லாம் ஒரே முக்கில் வெளியே வரும். எகிப்தியர்கள் இப்படிச் செய்வதை ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே வியந்து எழுதிவைத்தார்.

சிவப்பைத் தந்த படிக்காரம் துணியை அதிகம் துன்புறுத்துவதில்லை. பழுப்பையும் கறுப்பையும் தந்த இரும்பு அப்படி இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் செல்லுலோஸைத் தாக்குவதற்கு இரும்பு கூட நின்று உதவுகிறது. தான் தீர்ந்துபோகாமல் அந்த வினையை மட்டும் விரைவுபடுத்துகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி அங்கங்கே அறுபடுகிறது. எஞ்சியிருக்கும் அமிலம் மிச்சத்தையும் அறுக்கிறது. சங்கிலி குட்டையானால் இழை பொடியாகும். ஐரோப்பிய நூலகங்களில் அன்னபேதியும் மாசிக்காயும் கலந்த மையால் எழுதிய ஏடுகளில் எழுத்துகள் எழுத்தின் வடிவிலேயே ஓட்டையாவது இதே காரணத்தால்தான். நம் பக்கத்துக் கலம்காரித் துணிகளின் கறுப்புக் கோடும் இரும்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊட்டிய துணியில் தீட்டியது. பழந்துணிகளில் முதலில் உதிர்வது அந்தக் கோடுதான்.

இந்த இடத்தில் நாமும் கதைக்குள் வருகிறோம். இதை இழுத்துக் கொண்டுவந்து ஒட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் போர்வையின் நடுவில் பதித்துத் தைத்த மரங்களும் மயில்களும் சோழமண்டலக் கரையில் தீட்டிய சீட்டித் துணியிலிருந்தோ, அதைப் பார்த்து அங்கே அச்சடித்த நகல்களிலிருந்தோ வெட்டியவை. சின்ட்ஸ் என்று அவர்கள் சொல்வதும் சீட்டி என்று நாம் சொல்வதும் ஒரே சொல்லின் கிளைகள். காலிகோ என்ற துணிப்பெயருக்குள் கோழிக்கோடு இருக்கிறது. இங்கிலாந்தின் நெசவாளர்கள் இதனால் கொதித்துப்போக, 1721ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் அங்கே தடைச்சட்டமே வந்தது. அது 1774 வரை நீடித்தது.

இந்தச் சீட்டியின் சிவப்பு எங்கிருந்து வந்தது? சாயவேரிலிருந்து. நம் கடலோர மணலில் தரையோடு படர்ந்து வளரும் சின்னஞ்சிறு செடி. உயரத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஆழமாக இறங்கும் மெல்லிய வேர். மேடரில் உள்ள அலிசரின் என்ற அதே சாயப்பொருள் இதிலும் உண்டு. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பது, படிக்காரத்தால் தீட்டுவது, சாயவேரில் காய்ச்சுவது, வெயிலில் வெளுப்பது என்று படிப்படியாக நடந்த இந்த வேலையை, கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1742ல் இங்கிருந்து எழுதிய கடிதத்தில் விவரித்தார். சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது அது. பாலிலுள்ள கொழுப்பு சாயம் கசிந்து பரவாமல் தடுத்தது. ஏட்டில் இல்லாத வேதியியல். அந்தச் சாயக்காரர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. போர்வை தைத்தவளுக்கும் பெயரில்லை, துணிக்குச் சாயமிட்டவனுக்கும் பெயரில்லை.

1868ல் பெர்லினில் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் அலிசரினைத் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். மறு ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மன் தரப்பும் இங்கிலாந்தின் பெர்கினும் மலிவான தயாரிப்பு முறைக்கு ஒரே ஒரு நாள் இடைவெளியில் காப்புரிமை கேட்டார்கள். சில ஆண்டுகளில் பிரான்சின் மேடர் வயல்கள் வெறுமையாயின. சாயவேர் தோண்டுவதும் ஓய்ந்தது. குவில்டைப் பார்ப்பவருக்கு இதில் ஒரு சிக்கல். ஆலையில் பிறந்த அலிசரினும் வேரில் பிறந்த அலிசரினும் ஒரே மூலக்கூறு. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் மேடர் வேர் அலிசரினை மட்டும் தருவதில்லை. பர்ப்யூரின் முதலிய உறவுகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஒரு நூலிழைத் துணுக்கைக் கரைத்து அதிலுள்ளவற்றைப் பிரித்துப் பார்க்கும் கருவியில் அந்த உறவுகள் தெரிந்தால், சாயம் மண்ணில் விளைந்தது.

பச்சைக்கு வேறு கதை. நீடித்து நிற்கும் பச்சைச் சாயம் என்று இயற்கையில் எதுவும் எளிதில் கிடைக்காததால், நீலத்தின் மேல் மஞ்சளையோ மஞ்சளின் மேல் நீலத்தையோ ஏற்றிப் பச்சை செய்தார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. செடியிலிருந்து எடுத்த மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் போய்விட்டால் இலைகள் நீலமாகும். நீலம் அவுரியாக இல்லாமல் பிரஷ்யன் நீலமாக இருந்தால், காரமான சோப்பில் துவைக்கத் துவைக்க அது சிதைந்து இலை மஞ்சளாகும். 1870களுக்குப் பிறகு செயற்கைப் பச்சைகள் வந்தன. பளிச்சென்று இருந்த அவை வெளுத்தபோது நீலமாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. காய்ந்த புல்லின் நிறத்துக்கு வந்துவிட்டன. ஆகவே சிவப்பு ரோஜாவுக்குப் பக்கத்தில் காக்கி இலை இருந்தால், அந்தப் பெண் காக்கி இலை தைக்கவில்லை. அவள் தைத்தது பச்சை. அனேகமாக 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்.

அதே காலத்தின் இன்னொரு சாட்சி காங்கோ சிவப்பு. 1880களின் நடுவில் சந்தைக்கு வந்த இந்தச் சாயத்துக்கு நிறமூன்றியே தேவையில்லை, துணியில் நேராக ஒட்டும். மலிவு, எளிது. ஆனால் ஒட்டியது போலவே எளிதாக விட்டுவிடும். துவைத்தால் பக்கத்து வெள்ளையில் இளஞ்சிவப்பாக ஊறும், வெயிலில் வெளுக்கும். அதற்கு முந்தைய துருக்கிச் சிவப்போ, எண்ணெயிலும் சாணத்திலும் படிக்காரத்திலும் மாறி மாறி முக்கி வாரக்கணக்கில் ஏற்றியது. நூறு துவைப்புக்குப் பிறகும் அந்த ரோஜா சிவப்பாகவே நிற்கிறது.

பட்டுத் துண்டுகளால் ஆன குவில்ட்களின் கேடு வணிகத்திலிருந்து வந்தது. பட்டு நூலின் மேலிருக்கும் பசையைக் காய்ச்சி எடுத்தால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துபோகும். பட்டு விற்பது எடைக்கு. இழந்ததை ஈடுகட்ட உலோக உப்புகளில் ஊறவைத்தார்கள்; சில வேளை இழந்ததற்கு மேலும் ஏற்றினார்கள். புதிதில் அது கனமாக, சரசரவென்று, விலை உயர்ந்ததாகத் தெரிந்தது. சில பத்தாண்டுகளில் மடிப்புகூட இல்லாத இடத்தில் கீறல் கீறலாகப் பிளந்தது. 1880களில் அமெரிக்கப் பெண்கள் மோகத்தோடு தைத்த, ஒழுங்கற்ற துண்டுகளும் பூவேலையும் நிறைந்த கிரேசி குவில்ட்களில் ஒரு துண்டு புத்தம் புதிதாகவும் பக்கத்துத் துண்டு நார்நாராகவும் கிடப்பது இதனால்தான். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அந்தத் துண்டைக் காப்பாற்ற முடியாது. கேடு பிறப்பிலேயே உள்ளே வைக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு விதியை மறக்கக்கூடாது. ஒரு குவில்ட் அதிலுள்ள மிக இளைய துணியைவிட மூத்ததாக இருக்க முடியாது. பாட்டியின் துணிமூட்டையிலிருந்து எடுத்த 1830ஆம் ஆண்டுத் துண்டுகள் இருபதும் 1890ஆம் ஆண்டுத் துண்டு ஒன்றும் இருந்தால், அது 1890க்குப் பிந்தைய போர்வை. பார்பரா பிராக்மன் 1989ல் வெளியிட்ட ‘க்ளூஸ் இன் த காலிகோ’ இத்தகைய தடயங்களைத் தொகுத்துத் தந்த பிறகு, குடும்பக் கதைகளை மட்டும் நம்பி வயது சொல்வது குறைந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பஞ்சில் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் தெரிகின்றன, ஆகவே எலி விட்னியின் 1793ஆம் ஆண்டு அரவை எந்திரத்துக்கு முந்தையது என்று இன்றும் சொல்லி விற்பவர்கள் உண்டு. அது தவறு. அரவை எந்திரம் வந்த பின்னும் மலிவுப் பஞ்சில் கொட்டைத் தூள் இருந்துகொண்டே இருந்தது.

போலியைப் பிடிக்கும் எளிய கருவி, கடையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் அதே புறஊதா விளக்கு. 1940களிலிருந்து சலவைத்தூளிலும் நூலிலும் துணியிலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத புறஊதாவை விழுங்கி நீலமாக உமிழ்பவை அவை. இருட்டறையில் விளக்கைக் காட்டும்போது போர்வை முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் பதறவேண்டாம். யாரோ புதிய சலவைத்தூளில் துவைத்திருக்கலாம். எல்லாம் இருண்டு கிடக்க, ஓர் இலையைச் சுற்றிய தையல் மட்டும் பளீரென்று எரிந்தால் அந்த இலை பிற்பாடு வந்தது. புதுத்துணியைத் தேநீரில் முக்கிப் பழசாக்குபவர்களைப் பிடிக்க விளக்குகூட வேண்டாம். தையல் விட்ட இடத்தில் உள்மடிப்பைத் திறந்து பார்த்தால் போதும். வெளிச்சம் மடிப்புக்குள் நுழைவதில்லை, அதனால் உண்மையான பழந்துணி உள்ளே பிறந்த நாளின் நிறத்தில் இருக்கும். தேநீர் எங்கும் நுழையும்.

அழுக்கும் வெளிறலும் ஓட்டையும் சாட்சியங்கள். அழகுபடுத்துகிறேன் என்று அழுத்தித் துவைத்து, ஓட்டையில் புதுத்துணி வைத்து மூடுவது, ஒரு கடிதத்தில் படிக்க முடியாத வரியை அழித்துவிட்டு வேறு எழுதிவைப்பதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். கிழிந்த குவில்ட்களை வெட்டிப் பொம்மையும் சட்டையும் தைத்து விற்பதைப் பார்க்கும்போது இன்னும் வலிக்கிறது. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், தன் விவிலியக் கதைப் போர்வையை வறுமையின் நெருக்கடியில் 10 டாலர் கேட்டு 5 டாலருக்கு விற்றார். விற்ற பின்னும் அதைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்கு வந்து போனார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் அவருடைய இன்னொரு போர்வையில் 1833 நவம்பரில் வானமே உதிர்வதுபோல் விழுந்த லியோனிட் எரிகல் மழை துணி நட்சத்திரங்களாகத் தைக்கப்பட்டிருக்கிறது. அவர் பிறப்பதற்கு முன் நடந்தது, கேள்விப்பட்டதைத் தைத்தார்.

சேகரிப்பாளர்கள் எல்லாவற்றிலும் மேலாக மதிப்பது ஒருமுறைகூடத் துவைக்காத குவில்டை. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், பென்சில் கோட்டை வைத்து. தைக்கத் தொடங்குமுன் எங்கே ஊசி போகவேண்டும் என்று பெண்கள் துணிமேல் மெல்லிசாகக் கோடு போட்டுக்கொள்வார்கள். பென்சிலின் கிராஃபைட் வெறும் கரி. வெளிச்சம் அதை வெளுக்காது, காற்று அரிக்காது, இரும்பைப் போல அது துணியைத் தின்னவும் தின்னாது. துவைத்தால் மட்டும் போய்விடும். 150 ஆண்டுகளுக்குப் பிறகு பச்சை காக்கியாகி, பழுப்பு ஓட்டையாகிவிட்ட ஒரு போர்வையில், சாய்வாக விளக்கைப் பிடித்தால் அந்தச் சாம்பல் கோடு இன்னும் தெரிகிறது. தையல் அதன்மேலேயே போகிறது. சில இடங்களில் ஓர் இழை அளவு விலகி, அடுத்த குத்தில் திரும்பி வருகிறது.