மெழுகு போகட்டும், மெருகு இருக்கட்டும்

கிறிஸ்துமஸ் விருந்து முடிந்த மறுநாள் கோவாவிலும் கொச்சியிலும் பல வீடுகளில் காத்திருக்கும் வேலை இது: பாட்டி காலத்துப் பித்தளை மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் வழிந்து உறைந்த மெழுகை அகற்றுவது. கைக்கு முதலில் அகப்படுவது கத்தி. ஆபத்தும் அதில்தான். பித்தளையில் கீறல் விழும். வெள்ளி முலாம் பூசியது என்றால் முலாமே உரியும். போன முலாம் தேய்த்தால் திரும்பாது.

எளிய வழி வெந்நீர். பெரும்பாலான மெழுகுவர்த்திகள் பாரஃபினால் ஆனவை. சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே அது உருகிவிடும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் ஸ்டாண்டைச் சில நிமிடங்கள் அமிழ்த்தி வைத்து, இடுக்கியால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அந்த நீரை வாஷ்பேசினில் கொட்டக்கூடாது. மெழுகு குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டால் மேலே ஏடு கட்டும். அதை எடுத்துக் குப்பையில் போடலாம்.

வார்னிஷ் பூசியவை, அடியில் துணி ஒட்டியவை வெந்நீரைத் தாங்காது. அவற்றை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கி இறுகும், நகத்தாலேயே பெயர்க்கலாம்.

அடுப்புத் தீயில் நேராகக் காட்டுவது கூடவே கூடாது. உருகிய மெழுகும் எரிபொருள்தான். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் தீ சீறிப் பரவும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் மூடுவதே சரி.

புளி? அது நீக்குவது களிம்பை. மெழுகு போன பிறகே அதற்கு வேலை.