ஆறு இலட்சமும் ஐந்தேகால் இலட்சமும்

இலக்கணமும் பழைய உரைகளுமே கற்பித்துவந்த எனக்கு, வரலாறு பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆதாரம் தேடும் நெறியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வாய்த்தது முற்றும் எதிர்பாராத ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வரலாற்றைப் பாடமாக எடுத்திருந்த என் பழைய மாணவர் நால்வர், கஹவத்தைப் பகுதித் தோட்டங்களிலுள்ள தம் லயங்களுக்குத் திரும்பினர். விரிவுரை கைத்தொலைபேசியில் வந்தது, நூலகம் வரவில்லை. கட்டுரைக்கு ஆதாரம் எங்கே தேடுவது, தேடியதை எவ்வாறு நம்புவது என்று என்னைக் கேட்டனர். நேரிற் காண ஊரடங்கு இடந்தரவில்லை. ஆகவே நானும் ஜூம் செயலியை இறக்கிக்கொண்டு, ஞாயிறுதோறும் பிற்பகலில் திரைமுன் அமரலானேன். மாணவி ஒருத்தி அலைவரிசைக்காக இறப்பர் மலையின் உச்சிக்கு ஏறி நிற்பாள். சப்பிரகமுவ மாகாணத்து மாலை மழை தொடங்கியதும் அவள் குரல் மறைந்துவிடும்.

முதல் நாளே ஒரு முறைப்பாடு வந்தது. “எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் ஒன்றுமே இல்லை, சேர்” என்றனர். (ஐயா என்றழைத்த தலைமுறை போய்விட்டது, அதனால் எனக்கு வருத்தமில்லை.) எந்தச் சொல்லை இட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். நால்வரும் ‘கஹவத்தை’ என்றே இட்டிருந்தனர். பத்திரிகைகளிற் பெரும்பாலும் ‘காவத்தை’ என்றல்லவா வருகிறது? நம்மவர் வாயில் வழங்குவதும் அதுவே. ஆங்கிலத்திலோ ஈற்றெழுத்து ஓரிடத்தில் ‘ஏ’ ஆகவும் வேறோரிடத்தில் ‘ஈ’ ஆகவும் நிற்கும். தோட்டங்களின் நிலை இதனினும் சிக்கலானது. ஏட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்றிருக்க, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் பிறிதொன்றாயிருக்கும். இவை யாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தேடுமாறு சொன்னேன். அடுத்த ஞாயிறு நால்வரிடமும் பழைய செய்திகள் சேர்ந்திருந்தன.

இஃது எனக்குப் புதிய வித்தையன்று. 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே 1887இற் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதங் கண்ட வழிதான் இது. எழுத்து மாறினாற் பொருள் மறைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏட்டுக்குப் பதில் திரை வந்திருக்கிறது, அவ்வளவே.

2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தை அவர்களுக்குக் காட்டினேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்ட நாட்டில், ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் மலர்களும் தோட்டத்துப் பிள்ளையின் கைக்குக் காசின்றி வந்து சேர்வது சிறிய காரியமா? ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்ல நேர்ந்தது. பழைய இதழ்கள் பல அங்கே படங்களாகவே உள்ளன. தேடற்பெட்டி தலைப்பை அறியுமேயன்றி அத்தகைய படத்தினுள்ளிருக்கும் வரியை அறியாது. ஆகவே, ‘கிடைக்கவில்லை’ என்று திரை சொன்னால், ‘அதில் இல்லை’ என்று பொருள்கொள்ளலாகாது. பக்கம் பக்கமாகப் புரட்டியே ஆகவேண்டும். இதைக் கேட்டு மாணவன் ஒருவன் பெருமூச்செறிந்தது ஒலிவாங்கியில் நன்றாகக் கேட்டது.

நான்காம் வாரம் ஒரு வழக்கு மூண்டது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் 525,000 பேர் என்றாள் மலையுச்சி மாணவி. இல்லை, ஆறு இலட்சம் என்றான் மற்றொருவன். ஆளுக்கோர் இணையப் பக்கத்தை ஆதாரங் காட்டினர். என்னைத் தீர்ப்புக் கேட்டனர். ஆறு இலட்சமே சரி என்றேன். மலையக இலக்கியம் கற்பிக்கும்போது முன்னுரையாக இருபது ஆண்டுகளாய் நான் சொல்லிவந்த தொகை அது.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வழிநூலை விட்டு முதனூலுக்குச் செல் என்று நானே சொல்லியிருந்தேனல்லவா? ஒப்பந்த வாசகத்தையே தேடி எடுத்து வந்துவிட்டாள். 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான அவ்வொப்பந்தம், நாடற்றிருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. அவர்களைச் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 1974இற் செய்த உடன்பாடு 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தது. ஆறு இலட்சம் பிறந்தது அப்போதுதான். இரு தொகையும் மெய், ஆண்டுதான் வேறு. 1964இன் தலையில் 1974இன் தொகையை ஏற்றிச் சொன்ன பிழை என்னுடையது. பாடபேதம் பேசிய பண்டிதன் மூல ஏட்டைப் பாராமலே இருபது வகுப்புகளுக்குப் பாடஞ் சொல்லியிருக்கிறேன்! அன்றே அவர்களிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

தொகையோடு அவள் நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய எண் வேறு, உண்மையிற் கப்பலேறியவர் எண் வேறு. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது போகவேண்டியோர் பலர் இங்கேயே தங்கிவிட்டனர். அவளுடைய அப்பாயியின் அண்ணன் அதற்கு முன்னரே போய்விட்டவர். எப்போது என்று கேட்டதற்கு, “சிறிமா காலத்திலே” என்றாளாம் கிழவி. அவர் கூடலூரிலிருந்து எழுதிய முதற்கடிதத்தின் அஞ்சல் முத்திரையோ 1982 என்றிருந்தது. சிறிமாவோவின் ஆட்சி 1977இல் முடிந்துவிட்டதே. கிழவியின் நினைவு பிழை, அதை விட்டுக் கடிதத்தைக் கொள்க என்றேன்.

“அப்பாயிக்குச் சிறிமா என்றால் ஆள் இல்லை, சேர். அந்த ஒப்பந்தந்தான் சிறிமா. யார் ஆட்சியில் போனாலும் சிறிமாவில் போனதுதான்” என்றாள் அவள்.

சொல்லுக்குப் பொருள் காண்பதே தொழிலாக உடைய எனக்கு அது தோன்றவில்லை. பாட்டியின் சொல்லையும் முத்திரையையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதைக் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதுமாறு சொன்னேன். எழுதினாள். கடிதத்தைப் படமெடுக்கும்போது கிழவி ஒரு கேள்வி கேட்டாளாம்: “எங்க அண்ணன அந்தக் கணக்குல எந்த எண்ணா எழுதியிருக்காங்க?”

அடுத்த ஞாயிறு கூடலூர்ப் பக்கத்து ஆவணங்களை எவ்வாறு தேடுவது என்பதே எங்கள் பாடமாயிற்று. தமிழ்நாட்டரசு தாயகந் திரும்பியோர்க்காக நீலகிரியில் நடத்திய தேயிலைத் தோட்டங்களின் பெயர்களை முதலில் எழுதிக்கொண்டோம். பிறகு ஒவ்வொரு பெயரையும் எத்தனை விதமாக எழுதலாம் என்று பார்த்தோம். பாதியில் மழை வந்துவிட்டது.